காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் உறுப்பினர்கள் எப்படி நியமிக்கப்படுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் அணை திறக்கும் மாதமாகிய ஜூன் நெருங்கும்போதெல்லாம் டெல்டாவின் விவசாயிகள் கூட்டங்களிலும் தேநீர்க் கடைப் பேச்சுகளிலும் ஆணையத்தைப் பற்றிய ஒரே மாதிரியான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. ஆணையம் என்ன உத்தரவிட்டது என்பது செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அந்த உத்தரவில் கையெழுத்திடுபவர்கள் யார், அவர்களை அங்கே உட்கார வைத்தது யார் என்பதுதான் பலருக்கும் புரியாமல் இருக்கிறது. கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்து, பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

ஆணையம் என்பது எந்தச் சட்டத்தில் வந்தது? நடுவர் மன்றமும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுகள் சட்டத்தின்படி 1990 ஜூனில் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் வழக்கை விசாரித்து, 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பை அளித்தது. அந்தத் தீர்ப்பு 2013 பிப்ரவரியில் அரசிதழில் வெளியிடப்பட்டது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று பங்கீட்டில் சில மாற்றங்களைச் செய்து, இரு மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவைநிலையத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய நீரை ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) என்று நிர்ணயித்தது.

தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு ஆணையத்துக்கு உரியது. அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஏ பிரிவு, நடுவர் மன்றத் தீர்ப்பைச் செயல்படுத்த ஒரு செயல்திட்டம் வகுக்கவும், அதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தவும், அதன் உறுப்பினர்கள் யார், அவர்களின் பதவிக்காலம் என்ன என்பதை வரையறுக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அவ்வாறு வகுக்கப்பட்டு 2018 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்று, ஜூன் 1 அன்று அரசிதழில் வெளியான செயல்திட்டம்தான் இன்றுள்ள நியமனங்கள் அனைத்துக்கும் ஆதாரம். உறுப்பினர் நியமனம் பற்றி யார் எதைச் சொன்னாலும், அது அந்தச் செயல்திட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

மொத்தம் எத்தனை பேர்? யார் யார்?

ஒன்பது பேர். தலைவர் ஒருவர், நீர்வளத்துக்கும் வேளாண்மைக்கும் தலா ஒருவராக முழுநேர உறுப்பினர்கள் இருவர், மத்திய நீர்வள அமைச்சகமும் மத்திய வேளாண் அமைச்சகமும் அனுப்பும் இணைச் செயலாளர் நிலையிலான பகுதிநேர உறுப்பினர்கள் இருவர், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகியவற்றின் சார்பில் பகுதிநேர உறுப்பினர்கள் நால்வர்.

இவர்களைத் தவிர ஆணையத்துக்குச் செயலாளர் ஒருவர் உண்டு. அவர் மத்திய நீர்ப் பொறியியல் பணியைச் சேர்ந்த பொறியாளர். கூட்டத்தை நடத்திக் கொடுப்பதும் ஆவணங்களைப் பேணுவதும் அவர் பொறுப்பு. அவருக்கு வாக்கு கிடையாது.

தலைவரை உச்ச நீதிமன்றம்தானே நியமிக்கிறது?

இல்லை. செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டது உச்ச நீதிமன்றம் என்பதால் இந்த எண்ணம் பரவியிருக்கிறது. தலைவரை நியமிப்பது மத்திய அரசு. நீதிமன்றம் எந்தப் பெயரையும் பரிந்துரைப்பதில்லை. எந்தப் பெயருக்கும் முன்ஒப்புதல் தருவதும் இல்லை. மாநிலங்களைக் கலந்தாலோசித்த பிறகே தலைவரை நியமிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இந்த ஏற்பாட்டில் இல்லை. பலர் இதை அறிந்ததும் அதிர்ச்சியடைகிறார்கள். நால்வர் பங்குபோடும் ஒரு நதிக்குத் தலைவரை ஐந்தாமவர் தனியாகத் தேர்ந்தெடுப்பது பொருத்தமா என்ற கேள்வி நியாயமானதே. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் செயல்திட்டத்தை வகுத்த மத்திய அரசும், அது முன்வைக்கப்பட வேண்டிய நாடாளுமன்றமும்தான். 6ஏ பிரிவின்படி செயல்திட்டம் ஒவ்வொன்றும் இரு அவைகளிலும் முப்பது நாட்களுக்கு வைக்கப்பட வேண்டும். இரு அவைகளும் உடன்பட்டால் அதில் திருத்தம் செய்யலாம்.

தலைவராக என்ன தகுதி வேண்டும்? எத்தனை ஆண்டுகள் இருப்பார்?

இரண்டு வழிகள் உண்டு. நீர்வள மேலாண்மையிலும் மாநிலங்களுக்கிடையிலான நீர் விவகாரங்களைக் கையாள்வதிலும் விரிந்த அனுபவமுள்ள மூத்த பொறியாளராக இருக்கலாம். அல்லது அதே துறையில் அனுபவம் பெற்ற, மத்திய அரசின் செயலாளர் அல்லது கூடுதல் செயலாளர் நிலையிலுள்ள அகில இந்தியப் பணி அதிகாரியாக இருக்கலாம். பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள் அல்லது 65 வயது நிறைவடையும் நாள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை.

முழுநேரம், பகுதிநேரம் என்று பிரித்திருக்கிறார்களே, பகுதிநேர உறுப்பினருக்கு மதிப்புக் குறைவா?

வாக்கைப் பொறுத்தவரை குறைவில்லை. ஒன்பது பேருக்கும் ஒரே அளவு அதிகாரம்தான். வேறுபாடு அவர்களின் அன்றாட வேலையில் இருக்கிறது. முழுநேர உறுப்பினர் இருவரும் மத்திய அரசால் நியமிக்கப்பட்டு ஆணையத்துக்காகவே பணிபுரிய வேண்டியவர்கள். முதலில் மூன்று ஆண்டுகள், தேவைப்பட்டால் ஐந்து ஆண்டுகள் வரை அவர்களின் பதவி நீளும். பகுதிநேர உறுப்பினருக்கோ சொந்தத் துறையில் வேறு பெரும் பொறுப்பு இருக்கும். கூட்டத்துக்காக டெல்லிக்குச் சென்று திரும்பிய மறுநாள் அவர் தலைமைச் செயலகத்தில் தம் துறைக் கோப்புகளுடன் இருப்பார்.

தமிழ்நாட்டின் உறுப்பினரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆட்சி மாறினால் அவரும் மாறிவிடுவாரா?

தமிழ்நாடு அரசு. ஆனால் அரசு விரும்பும் யாரையும் அனுப்ப முடியாது. நீர்வளத்தைக் கவனிக்கும் துறையின் நிர்வாகச் செயலாளரே உறுப்பினராக வேண்டும் என்று செயல்திட்டம் சொல்கிறது. 2018-இல் ஆணையம் முதன்முதலாகக் கூடியபோது தமிழ்நாட்டில் நீர்வளம் பொதுப்பணித் துறைக்குள் இருந்ததால் அத்துறையின் செயலாளர் சென்றார். 2021-இல் நீர்வளத் துறை தனித் துறையானது முதல் அதன் செயலாளர் செல்கிறார்.

ஆகவே நியமனம் பதவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆட்சி மாறினால் மட்டும் அல்ல, ஒரே ஆட்சியில் செயலாளர் இடமாற்றம் செய்யப்பட்டாலும் ஆணையத்தில் முகம் மாறிவிடும். இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கின்றன. அரசின் நிலைப்பாட்டை முழு அதிகாரத்துடன் பேசக்கூடியவர் கூட்டத்தில் இருப்பது நல்லது. காவிரிக் கணக்கைப் படித்துத் தேர்ந்த ஒருவர் அடுத்த மாதம் வேறு துறைக்குப் போய்விடுவது கெட்டது. அந்த இடைவெளியை நிரப்புபவர்கள் காவிரி தொழில்நுட்பக் குழுவின் பொறியாளர்கள். அவர்கள் உறுப்பினர்கள் அல்லர். ஆனால் கூட்டங்களுக்கு உடன் சென்று கணக்குகளை எடுத்துக்கொடுப்பவர்கள் அவர்களே.

அவர்கள் எடுத்துக்கொடுப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹேமாவதி, ஹாரங்கி, கபினி, கிருஷ்ணராஜசாகர் ஆகிய கர்நாடகத்தின் நான்கு அணைகளில் அன்றைய இருப்பு எவ்வளவு, வரத்து எவ்வளவு, முப்பது ஆண்டு சராசரியுடன் ஒப்பிட்டால் எத்தனை விழுக்காடு குறைவு, பிலிகுண்டுலு அளவைநிலையத்தில் ஜூன் 1 முதல் இன்றுவரை கடந்த நீர் எவ்வளவு, மேட்டூரில் மிச்சம் எவ்வளவு என்ற எண்கள் அடங்கிய தாள்கள். ஜூன் மாதத்துக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 டிஎம்சி என்று வகுக்கப்பட்ட அட்டவணையின் எதிரே உண்மையில் வந்த நீரை எழுதிப் பார்த்தால் நிலுவை தெரிந்துவிடும். பற்றாக்குறை ஆண்டில் அந்த நிலுவையை எந்த விகிதத்தில் குறைத்துக்கொள்வது என்பதில்தான் வாதம் முழுவதும் நடக்கிறது. அந்த வாதத்தை நடத்தத் தெரிந்தவர் நாற்காலியில் இருக்கிறாரா என்பதால்தான் நியமனம் முக்கியமாகிறது.

முன்பு பிரதமரும் முதலமைச்சர்களும் உறுப்பினர்களாக இருந்தார்களே, அது என்ன ஆயிற்று?

அது காவிரி நதிநீர் ஆணையம். நடுவர் மன்றத்தின் 1991 இடைக்கால ஆணையைச் செயல்படுத்துவதற்காக 1998-இல் ஏற்படுத்தப்பட்டது. பிரதமர் தலைவர், நான்கு முதலமைச்சர்களும் உறுப்பினர்கள். அங்கே நியமனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேர்தலில் வென்று அந்தப் பதவிக்கு வந்தவர் தாமாகவே உறுப்பினர் ஆனார். கூட்டம் கூட்டுவதே பெரும்பாடாக இருந்தது, கூடினாலும் முடிவு எட்டுவது அரிதாக இருந்தது. இறுதித் தீர்ப்புக்கு ஏற்ற புதிய செயல்திட்டம் வந்ததும் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இப்போதைய ஆணையத்தில் அமைச்சரோ, சட்டமன்ற உறுப்பினரோ, கட்சிப் பொறுப்பாளரோ உறுப்பினராக வழியில்லை.

விவசாயிகள் சார்பில் ஒருவரைக் கூடப் போடவில்லையே, ஏன்?

செயல்திட்டத்தில் அப்படி ஓர் இடமே ஒதுக்கப்படவில்லை என்பதுதான் நேரான விடை. வேளாண்மைக்கென முழுநேர உறுப்பினர் ஒருவரும், மத்திய வேளாண் அமைச்சகத்தின் சார்பில் பகுதிநேர உறுப்பினர் ஒருவரும் இருக்கிறார்கள். அவர்கள் வேளாண்மையைப் பற்றி அறிந்த அதிகாரிகள். விவசாயிகளின் பிரதிநிதிகள் அல்லர். மாநிலங்களின் பயிர்ப் பரப்பு, நாற்று விடும் காலம், குறுவையா சம்பாவா என்ற விவரங்கள் அனைத்தும் மாநில அரசின் வழியாகவே ஆணையத்தைச் சென்றடைகின்றன.

இது குறை என்றே நான் கருதுகிறேன். வாக்குரிமை உள்ள இடம் தருவதில் நடைமுறைச் சிக்கல் உண்டு. நான்கு மாநிலங்களிலிருந்தும் நால்வரைச் சேர்த்தால் அமைப்பின் உருவமே மாறிவிடும். ஆனால் வாக்கில்லாத அழைப்பாளராகக் கூட ஒருவர் இல்லாதிருக்கும் நிலைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. கடைமடையில் நீர் எட்டாத வாய்க்காலைப் பற்றி நேரில் சொல்லக்கூடியவர் ஒருவர் அந்த அறையில் இருப்பது முடிவின் தரத்தை உயர்த்தும்.

நடுவர் மன்றம் பரிந்துரைத்ததும் இப்போது இருப்பதும் ஒரே உறுப்பினர் அமைப்புதானா?

எண்ணிக்கையும் பொதுவான வடிவமும் ஏறத்தாழ ஒன்றே. தகுதிகளில்தான் மாற்றம். நடுவர் மன்றம் பரிந்துரைத்த மேலாண்மை வாரியத்தில் தலைவர், நீர்வள மேலாண்மையில் இருபது ஆண்டு அனுபவமுள்ள பாசனப் பொறியாளராக இருக்க வேண்டும். முழுநேர உறுப்பினர்களில் ஒருவர் அணைகளை இயக்குவதில் பதினைந்து ஆண்டு களஅனுபவம் உள்ள பொறியாளர். மற்றவர் அதே அளவு அனுபவமுள்ள உழவியல் வல்லுநர். மாநிலப் பிரதிநிதிகளும் தலைமைப் பொறியாளர் நிலைக்குக் குறையாதவர்களாக இருக்க வேண்டும் என்றது மன்றம்.

2018 செயல்திட்டம் தலைவர் பதவியை ஆட்சிப் பணி அதிகாரிகளுக்கும் திறந்துவிட்டது. மாநிலங்களின் இடத்தில் பொறியாளர்களுக்குப் பதிலாகத் துறைச் செயலாளர்களை அமர்த்தியது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விவாதம் பெரும்பாலும் தலைமையகம் பெங்களூருவிலா டெல்லியிலா, இறுதி முடிவு மத்திய அரசின் கையிலா ஆணையத்தின் கையிலா என்பவற்றைச் சுற்றியே இருந்தது. அவ்விரண்டிலும் வரைவு திருத்தப்பட்டு, தலைமையகம் டெல்லிக்கு வந்தது, இறுதி முடிவு ஆணையத்திடம் வந்தது. உறுப்பினர்களின் தகுதியில் நிகழ்ந்த இந்த மாற்றம் அந்தச் சத்தத்தில் போதிய கவனம் பெறாமல் போய்விட்டது. நீர் அளவையில் தேர்ந்தவர்களின் அமைப்பாக நினைக்கப்பட்டது, நிர்வாகிகள் பேசித் தீர்க்கும் அமைப்பாக நகர்ந்தது என்பதே என் மதிப்பீடு.

அப்படியானால் பொறியாளர்களுக்கு இடமே இல்லையா? ஒழுங்காற்றுக் குழு என்கிறார்களே, அது என்ன?

பொறியாளர்கள் ஒழுங்காற்றுக் குழுவில் இருக்கிறார்கள். ஆணையத்தின் நீர்வளப் பிரிவு முழுநேர உறுப்பினரே அதற்குத் தலைவர். நான்கு மாநிலங்களும் தலைமைப் பொறியாளர் நிலைக்குக் குறையாத ஒருவரை அனுப்புகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை, மத்திய நீர்வள ஆணையம், மத்திய வேளாண் அமைச்சகம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் உண்டு. ஆணையத்தின் செயலாளர் இங்கே உறுப்பினர் செயலாளர். குழுவின் தலைமையகம் பெங்களூரு.

அடிக்கடி கூடி, அணை இருப்பைப் பார்த்து, எத்தனை கனஅடி திறக்க வேண்டும் என்று முதலில் சொல்வது இந்தக் குழு. அதை ஏற்பதும் மாற்றுவதும் ஆணையத்தின் வேலை. 2023 ஆகஸ்டில் விநாடிக்கு 5,000 கனஅடி வீதம் பதினைந்து நாட்களுக்கு நீர் விடுமாறு குழு சொன்னதை ஆணையம் உறுதிசெய்தது இந்த வரிசையில்தான்.

ஒரு மாநிலம் வேண்டுமென்றே உறுப்பினரின் பெயரைத் தராமல் இருந்தால் ஆணையம் முடங்கிவிடாதா?

இந்த அச்சம் 2018 ஜூனிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. மற்ற மாநிலங்கள் பெயர்களைத் தந்த பிறகும் கர்நாடகம் தன் பிரதிநிதிகளை அறிவிக்காமல் காலம் தாழ்த்தியது. மத்திய அரசு காத்திருக்கவில்லை. கர்நாடக நீர்வளத் துறையின் நிர்வாகச் செயலாளரை ஆணையத்தின் உறுப்பினராகக் குறிப்பிட்டு, ஆணையத்தையும் குழுவையும் அமைத்து அறிவித்தது. அதன் பின் கர்நாடகம் தன் பிரதிநிதியை அனுப்ப, ஜூலை 2 அன்று டெல்லியில் முதல் கூட்டம் நடந்தது.

இது எப்படிச் சாத்தியமானது என்றால், மேலே தமிழ்நாட்டைப் பற்றிய பதிலில் சொன்ன அதே காரணத்தால்தான். உறுப்பினர் இடம் ஒரு பதவியோடு கட்டப்பட்டிருப்பதால், பெயர் வராவிட்டாலும் பதவியைச் சுட்டி நியமனத்தை முடித்துவிடலாம். ஆளை நியமிக்கும் முறையாக இருந்திருந்தால் அன்று முடங்கியிருக்கும்.

தலைவர் பதவியே காலியாக இருந்தால்?

காலியாக விடுவதில்லை; ஆனால் அதற்குச் சமமான ஒன்று நடந்தது. 2018 முதல் 2021 வரை ஆணையத்துக்கென்று தனித் தலைவர் இல்லை. மத்திய நீர்வள ஆணையத்தின் தலைவராக யார் இருந்தாரோ அவரே காவிரி ஆணையத்தின் தலைவர் பொறுப்பையும் கூடுதலாகப் பார்த்தார். அவர் ஓய்வுபெற்றதும் அடுத்து வந்தவர் பார்த்தார். நாட்டின் எல்லா நதிகளின் திட்டங்களையும் ஆராயும் ஓர் அலுவலகத்தின் தலைவர், எஞ்சிய நேரத்தில் காவிரியைக் கவனிப்பது போதாது என்று தமிழ்நாட்டிலிருந்து தொடர்ந்து கோரிக்கை எழுந்தது. 2021-இல் எஸ்.கே. ஹல்தர் முழுநேரத் தலைவராக நியமிக்கப்பட்டார்.

கூடுதல் பொறுப்பில் இன்னொரு நெருடலும் இருக்கிறது. காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்ட விரும்பும் மேக்கேதாட்டு போன்ற ஓர் அணைத் திட்டத்தின் அறிக்கையை மத்திய நீர்வள ஆணையம் ஆராய வேண்டும். அதே திட்டத்தைப் பற்றிக் காவிரி ஆணையமும் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே ஆள் தலைவராக இருந்தால் ஒன்றை மற்றொன்று சரிபார்க்கும் வாய்ப்புக் குறைகிறது. பதவியில் யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதோடு நிறைவடையாமல், அவர் வேறு எந்தப் பதவியில் இருக்கிறார் என்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

கூட்டத்துக்கு உறுப்பினர் வர முடியாவிட்டால் அந்த மாநிலத்தின் வாக்கு போய்விடுமா?

போகாது. உடல்நலக் குறைவாலோ வேறு காரணத்தாலோ உறுப்பினர் வர இயலாதபோது, அவரை நியமித்த அரசே தற்காலிகமாக வேறொருவரை நியமிக்கலாம். அவருக்கு அந்தக் காலத்தில் உறுப்பினரின் அதிகாரம் முழுவதும் உண்டு.

ஒன்பதில் ஐந்து பேர் மத்திய அரசின் ஆட்கள். பிறகு மாநிலங்கள் போய் என்ன பயன்?

கணக்கு சரிதான். தலைவர், முழுநேர உறுப்பினர் இருவர், மத்திய அமைச்சகங்களின் பிரதிநிதிகள் இருவர் என ஐந்து பேரும் மத்திய அரசால் வந்தவர்கள். முடிவுகள் பெரும்பான்மையால் எடுக்கப்படுகின்றன. நான்கு மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தால்கூட ஐந்தை வெல்ல முடியாது. நடைமுறையில் நான்கும் ஒன்றுசேர்வதும் இல்லை.

ஆனால் இதை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். மாநிலங்களுக்கே பெரும்பான்மை இருந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் கர்நாடகம், மறுபக்கம் தமிழ்நாடு, பெரும்பாலும் தமிழ்நாட்டோடு நிற்கும் புதுச்சேரி, தன் கணக்கைப் பார்க்கும் கேரளம் என்று வாக்குகள் பிரிந்து, பற்றாக்குறை ஆண்டில் ஒரு முடிவும் வராது. மாநிலச் சார்பில்லாத ஐவர் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த ஐவரும் மத்திய அரசின் பணியாளர்களாகவே இருக்க வேண்டுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

குறைவெண் வரம்பையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கூட்டம் நடக்க ஆறு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். எனவே ஐவர் மட்டும் கூடி முடிவெடுக்க முடியாது. ஒரு மாநிலமேனும் உள்ளே இருக்க வேண்டும். எல்லா மாநிலங்களும் புறக்கணித்தாலோ? ஆறு பேர் சேராமல் ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்தை மூன்று நாட்களுக்குள் மீண்டும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு தேவையில்லை. வெளிநடப்பு ஓர் எதிர்ப்பாகப் பதிவாகும், முடிவைத் தடுக்காது.

இவர்களுக்கான செலவை யார் கொடுக்கிறார்கள்?

ஆணையத்தின் செலவில் தமிழ்நாடும் கர்நாடகமும் தலா 40 விழுக்காடும், கேரளம் 15 விழுக்காடும், புதுச்சேரி 5 விழுக்காடும் ஏற்கின்றன. தொடக்க நிதியாக மத்திய அரசு 2 கோடி ரூபாய் தந்தது.

மற்ற நதிகளுக்கும் இதே முறையா?

இல்லை. ஒவ்வொரு நதியின் அமைப்புக்கும் அதை உருவாக்கிய சட்டமோ தீர்ப்போதான் விதி. ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம், 2014 ஏற்படுத்திய கிருஷ்ணா, கோதாவரி நதி மேலாண்மை வாரியங்களில் ஆந்திரமும் தெலங்கானாவும் தலா இருவரை அனுப்புகின்றன. அந்த இருவரில் ஒருவர் தலைமைப் பொறியாளர் நிலைக்குக் குறையாத தொழில்நுட்ப உறுப்பினர். மற்றவர் நிர்வாக உறுப்பினர். காவிரியில் பொறியாளரா செயலாளரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது; அங்கே இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்துவிட்டார்கள். காவிரிச் செயல்திட்டம் எப்போதாவது திருத்தப்பட்டால் முதலில் பார்க்க வேண்டிய முன்மாதிரி இது.

எல்லா நதிகளுக்கும் பொதுவாக நதி வாரியங்கள் சட்டம், 1956 என்று ஒன்று இருக்கிறது. பாசனம், வெள்ளத் தடுப்பு, மண்வளம், நிதி போன்ற துறைகளில் தேர்ந்தவர்களை உறுப்பினர்களாக நியமிக்கலாம் என்கிறது. அதன்படி எந்த நதிக்கும் வாரியம் அமைக்கப்படவில்லை.

இன்றைய தேதியில் உறுப்பினர்கள் யார் என்று சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது?

நியமன அறிவிக்கைகளும் கூட்டக் குறிப்புகளும் அரசு ஆவணங்கள். ஆணையம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். ‘உறுப்பினர்கள் யார்’ என்று மட்டும் கேட்டால் ஒரு பட்டியல் வரும், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் நியமிக்கப்பட்ட ஆணையின் நகல், முழுநேரமா கூடுதல் பொறுப்பா என்ற விவரம், எந்தெந்தக் காலத்தில் எந்த இடம் காலியாக இருந்தது என்ற விவரம் ஆகியவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள்.

தகுதி இல்லாத ஒருவரை நியமித்தால் வழக்குப் போட முடியுமா? நதிநீர் விவகாரத்தில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்கிறார்களே?

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு நதிநீர்த் தகராறுகளை நீதிமன்றங்கள் விசாரிப்பதைத் தடுக்கிறது. ஒருவர் ஒரு பொதுப் பதவியில் எந்தத் தகுதியால் அமர்ந்திருக்கிறார் என்று கேட்பது நீர்ப் பங்கீட்டுத் தகராறு அல்ல. அதற்கென்றே தகுதிவினவு நீதிப்பேராணை என்ற வழி அரசியலமைப்பில் இருக்கிறது. செயல்திட்டம் சொல்லும் தகுதி ஒருவருக்கு இல்லை என்று ஆவணத்தால் காட்ட முடிந்தால் அந்த வழியில் செல்லலாம். முந்தைய பதிலில் சொன்ன நியமன ஆணையின் நகல் அங்கே பயன்படும்.

நியமனத்தை எதிர்ப்பதும் முடிவை எதிர்ப்பதும் வேறு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தகுதியுள்ளவர்கள் எடுத்த முடிவு நமக்குப் பாதகமானது என்பதற்காக நியமனம் செல்லாததாகிவிடாது. 2023 செப்டம்பர் 21 அன்று, 5,000 கனஅடி நீர் விடும் உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. வல்லுநர் அமைப்புகள் தரவுகளைப் பார்த்து எடுத்த முடிவு என்பதே அதற்கு அடிப்படை. ஆணையத்தின் சொல்லுக்கு நீதிமன்றம் தரும் மதிப்பு அதன் உறுப்பினர்கள் வல்லுநர்கள் என்ற நம்பிக்கையில் நிற்பதால், முழுநேர இடங்கள் கூடுதல் பொறுப்பில் ஓடினாலோ காலியாகக் கிடந்தாலோ அதை உடனுக்குடன் எழுத்துமூலம் பதிவுசெய்வது மாநில அரசின் கடமை. உத்தரவு வந்த பிறகு எழுப்பும் ஆட்சேபம் தோற்ற தரப்பின் புகாராகவே நீதிமன்றத்தில் கேட்கப்படும்.